கிற்றாரை மிக்சருக்குப் பழக்குதல்

யாழ்ப்பாணத்தில் ரொக் வாசிக்கும் கிற்றார்காரருக்கு மேடையில் தனி அம்பிளிபயர் கிடைப்பது அபூர்வம். ஒலி, ஒளி அமைப்பாளர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வருவது பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், எல்லா ஒலிகளையும் கலந்து அனுப்பும் ஒரு மிக்சர், பாடகர்களுக்கு மைக்குகள், மின்பிறப்பாக்கி, ஒரு சாக்கு நிறைய வயர். அந்தச் சாக்கிலிருந்து ஒரு வயரை உருவிக் கிற்றாருக்கென்று நீட்டுவார்கள். செருகிவிட்டு வாசிக்க வேண்டியதுதான். மெல்லிசைப் பாட்டுக்குச் சுத்தமான ஒலியில் கோர்ட் வாசிப்பவருக்கு இதில் குறையொன்றும் தெரியாது. ஒலியை முரடாக்கும் ஃபஸ் பெடலை மிதித்தால் கதை வேறு. குளவிக் கூட்டில் கல்லெறிந்தால் எழும்புகிற மாதிரி ஓர் இரைச்சல் வரும். முன்வரிசைக் கதிரையில் இருப்பவர் காதைப் பொத்துவார். அமைப்பாளர் கிற்றாரின் ஒலியளவை ஓசைப்படாமல் இறக்கிவிடுவார். அதன்பிறகு அந்த இரவில் நீங்கள் கிற்றார் வாசித்ததற்குப் புகைப்படம் மட்டுமே சாட்சி.

இதற்கு எங்கள் குழுவில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். விலையுயர்ந்த பெடல் ஒன்றை வாங்கு என்றார் ஒருவர். கனடாவில் இருக்கும் மாமாவிடம் சொல்லி மார்ஷல் அம்பிளிபயர் ஒன்றை இறக்கு என்றார் இன்னொருவர். நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட மார்ஷல் பெட்டி மட்டுமே 35 கிலோவுக்கு மேல் வரும். அதன் தலைமேல் வைக்கும் 100 வாட் அம்பிளிபயர் தனி. இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக் கொக்குவிலிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோவதை நினைத்தாலே முதுகு வலிக்கிறது. வேறு வழி தேடினேன். கிற்றார் ஸ்பீக்கர் செய்யும் வேலையைச் செய்கிற ஒரு சிறு மின்சுற்றைப் பெட்டியில் அடைத்து, அதன் வாயிலிருந்து மிக்சருக்கு வயர் கொடுப்பது. அதோடு சேர்த்து ஃபஸ் பெடலையும் மின்வழங்கியையும் நானே செய்துகொண்டேன். அந்த வேலையின் பதிவு இது.

ஸ்பீக்கரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. ஃபஸ் என்பது அலையின் தலையையும் காலையும் தட்டையாக வெட்டிவிடும் சுற்று. வளைந்த அலையை அப்படி வெட்டும்போது மேல்சுரங்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கின்றன. 10,000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் போகின்றன. 12 அங்குலக் காகிதக் கூம்பு அவ்வளவு வேகமாக அதிராது. ரொக் மேடைகளில் பெயர்பெற்ற செலெஷன் ஜி12எம் ஸ்பீக்கருக்கு அதைச் செய்பவர்கள் தரும் எல்லை 75 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேலுள்ள முட்களைக் காகிதமே உதிர்த்துவிடுகிறது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967இல் அமெரிக்காவின் மொன்டரே இசை விழாவில் வாசித்ததும், அதற்குப் பிறகு வந்த அத்தனை பேர் வாசித்ததும் இப்படிக் காகிதத்தில் வடிகட்டப்பட்ட ஒலிதான். அந்தக் காலத்து மேடை ஒலிபெருக்கிகள் பாடகரின் குரலைச் சுமக்கவே திணறின. கிற்றார் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால்தான் த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் 1965 வாக்கில் மார்ஷலிடம் போய் 100 வாட் கேட்டார்கள். இன்றைய மேடைப் பெட்டியில் உயர்சுரத்துக்கென்றே தனி ஹோர்ன் இருக்கிறது; 15,000 ஹெர்ட்ஸையும் கூசாமல் கக்கும். ஃபஸ் பெடலை நேரே அதில் கொடுத்தால், யாரும் கேட்கவென்று உருவாகாத பகுதியெல்லாம் சபைக்குப் போய்ச் சேர்கிறது. கிற்றார்காரர்கள் பெடலுக்குப் பெடல் மாறி ஆயிரக்கணக்கில் செலவழிப்பது இந்த ஒன்றைக் கவனிக்காததால்தான் என்பது என் கட்சி.

ஃபஸ்ஸில் தொடங்கினேன். லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் சுற்றைவிட எளிதானது கிடையாது. இரண்டு திரான்சிஸ்டர், நான்கு தடையி, மூன்று கப்பாசிற்றர், இரண்டு குமிழ். அதன் வட்டப் பெட்டிக்கான யோசனை மைக் ஸ்டாண்டின் இரும்பு அடித்தட்டைப் பார்த்து வந்தது என்பார்கள். உள்ளே பாதி இடம் வெறுமைதான். முதலில் வந்தவற்றில் ஜெர்மேனியம் திரான்சிஸ்டர், பிறகு சிலிக்கன். இணையத்தில் ஜெர்மேனியத்துக்குக் கோயில் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் சிலிக்கனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வெயில். ஜெர்மேனியத்தின் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய 10 பாகை வெப்பம் கூடினால் இரட்டிப்பாகும். மாலை ஐந்து மணிக்குத் தகரக் கூரையின் கீழ் ஒலிச் சோதனை செய்து, இரவு பத்து மணிக்கு வாசிக்கிறவனுக்கு அது சரிவராது. ஒரே பெடல் இரண்டு வேளையும் இரண்டு விதமாகப் பேசும். இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஜெர்மேனியச் சுற்று நேர்முனையைப் புவியாகக் கொண்டது; மற்றப் பெடல்களோடு ஒரே 9 வோல்ட் வழங்கியில் கோத்தால் மின்வழங்கி குறுக்குச் சுற்றாகிவிடும். பிசி 108 போன்ற சிலிக்கன் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிசி 108ஐ இப்போது புதிதாக வாங்கப் போனால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணை. ஹோர்லிக்ஸ் போத்தல்களில் வகை வகையாகத் திரான்சிஸ்டர் போட்டு வைத்திருக்கிறார். 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் வரவில்லை என்றிருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். நான் செய்யப்போவதைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"தம்பி, நான் நாற்பது வருடமாக அலை வெட்டுப்படாமல் இருக்கப் பாடுபட்டவன். நீர் வெட்டுவதற்கென்று காசு செலவழித்துச் செய்கிறீரோ?"

"வெட்டுவதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அண்ணை."

"அப்படியென்றால் எடும். போத்தலோடு எடும்."

போத்தலை மேசையில் கொட்டி, மீற்றரில் ஒவ்வொன்றாகச் செருகிப் பெருக்கத்தைப் பார்த்தோம். பிசி 108இன் பெருக்கம் 110இலிருந்து 800 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. கூடியதைப் போட்டால் சத்தம் அதிகம், இரைச்சலும் அதிகம். இருந்தவற்றில் குறைந்த இரண்டைத் தேர்ந்து, அவற்றுள்ளும் குறைந்ததை முதலாவது இடத்தில் வைத்தேன். உலோகத் தொப்பி போட்ட இந்த வகையில் தொப்பியும் கலெக்டர் என்ற காலும் ஒன்றுதான். இரண்டு தொப்பிகளும் ஒன்றையொன்று தொட்டால் சுற்று ஊமையாகும். தொப்பிகளுக்கு இறப்பர் வளையம் மாட்டினேன்.

அளவுகள் பழையபடியே: உள்வாயிலில் 2.2 மைக்ரோ ஃபரட், முதல் கலெக்டருக்கு 33 கிலோ ஓம், பின்னூட்டத்துக்கு 100 கிலோ ஓம், வெளிவாயிலில் 0.01 மைக்ரோ ஃபரட், ஃபஸ் குமிழ் 1 கிலோ ஓம், அதன் நடுக்காலில் 22 மைக்ரோ ஃபரட், ஒலியளவுக் குமிழ் 500 கிலோ ஓம். இரண்டாவது கலெக்டரில் மூலச் சுற்று 8.2 கிலோ ஓமும் 470 ஓமும் போடச் சொல்கிறது. அந்த 8.2 ஜெர்மேனியத்துக்கு வகுத்த கணக்கு. அதன் இடத்தில் 20 கிலோ ஓம் சிறு திருகுத் தடையி ஒன்றை வைத்து, கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்வரை திருகினேன். இந்தத் திருகலைக் காதால் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். 3 வோல்ட் பக்கம் போனால் சுரம் விட்டு விட்டு, இறுதியில் அறுந்து விழும். 6க்கு மேலே மெலிந்துவிடும். நடுவில் ஓரிடத்தில் ஆறாம் தந்தி வயிற்றிலிருந்து குரல் கொடுக்கும்; அங்கே நிறுத்தி மீற்றரைப் பார்த்தால் நாலரைக்குக் கிட்ட நிற்கும்.

முதல் இரவு ஃபஸ்ஸுக்குள் யாரோ தமிழில் பேசினார்கள். மத்திய அலை வானொலி. பெருக்கம் கூடிய சிலிக்கனுக்கு இது தெரிந்த வியாதி. கிற்றார் வயர் அன்ரனாவாகி, முதல் திரான்சிஸ்டரே டயோட்டாகி வானொலியைப் பிரித்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது. இரவில் கடல் கடந்து தமிழகத்து நிலையங்கள் நன்றாகவே கேட்கும் ஊர் இது. முதல் திரான்சிஸ்டரின் பேஸ் என்ற காலுக்கும் கலெக்டருக்கும் இடையே 100 பிக்கோ ஃபரட் ஒன்றைப் பற்றவைத்ததும் செய்தி வாசிப்பவர் போய்விட்டார். அண்ணைக்குக் கொஞ்சம் கவலை. "நல்ல ரேடியோவைக் கெடுத்துவிட்டீர்" என்றார்.

இந்தச் சுற்றை நான் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வதற்குக் காரணம் அதன் உள்வாயில் மின்தடை மிகக் குறைவாக இருப்பது. ஒரு மின்பொறியாளர் பார்த்தால் பிழையான வடிவமைப்பு என்பார். ஆனால் அதனால்தான் தந்தியின் அதிர்வை மின்னாக்கும் கிற்றாரின் பிக்கப் சுருளும் கிற்றாரின் ஒலியளவுக் குமிழும் பெடலின் உறுப்புகளாகவே மாறிவிடுகின்றன. குமிழை 10இலிருந்து 7க்கு இறக்கினால் ஃபஸ் விலகி, கண்ணாடிபோல் தெளிந்த ஒலி வரும், உயர்சுரமும் மங்காது. காலால் எதையும் மிதிக்க வேண்டியதில்லை. பாடகர் பாடும்போது 6, இடையிசைக்கு 8, தனி வாசிப்புக்கு 10. சுண்டு விரல் ஒன்றால் முழு நிகழ்ச்சியையும் நடத்தலாம். இந்த வித்தை பலிக்க வேண்டுமென்றால் கிற்றாருக்கும் ஃபஸ்ஸுக்கும் இடையில் எதுவும் இருக்கக் கூடாது. பஃபர், அதாவது சமிக்ஞையை வாங்கி அப்படியே தாங்கிக் கொடுக்கும் சுற்று, உள்ள டியூனர் பெடலோ வயரில்லாக் கருவியோ இடையில் வந்தால் குமிழுக்கும் சுற்றுக்கும் இருந்த உறவு அறுந்துவிடும். பிறகு இறக்கினாலும் ஏற்றினாலும் ஒரே முரட்டுத்தனம்தான். டியூனரை ஃபஸ்ஸுக்குப் பின்னே தள்ளினேன்.

இனி ஸ்பீக்கர்ப் பெட்டி. டிஎல் 074 என்ற சில்லில் நான்கு அம்பிளிபயர்கள் இருக்கின்றன. நான்குக்கும் வேலை கொடுத்தேன். முதலாவது 1 மெகா ஓம் உள்வாயிலோடு வெறும் பஃபர். இரண்டாவதும் மூன்றாவதும் வடிகட்டிகள். இரண்டிலும் 12 கிலோ ஓம் தடையிகள் இரண்டிரண்டு. இரண்டாவதில் கப்பாசிற்றர்கள் 4.7 நானோ ஃபரட்டும் 2.2 நானோ ஃபரட்டும்; மூன்றாவதில் 10 நானோ ஃபரட்டும் 1 நானோ ஃபரட்டும். இரண்டு வடிகட்டிகளின் வெட்டும் புள்ளியும் 4,150 ஹெர்ட்ஸுக்கு அருகில் வருகிறது. வேறுபாடு குணத்தில். முதல் வடிகட்டி அமைதியாகச் சரிகிறது. அடுத்தது விழுவதற்கு முன் சற்று எழும்புகிறது. நல்ல கிற்றார் ஸ்பீக்கர் 3,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் ஒரு முறை தலையை உயர்த்திவிட்டுச் செங்குத்தாக விழும். அந்த உயர்வுதான் கிற்றாரைத் தாளவாத்தியச் சத்தத்தின் நடுவே துளைத்துக்கொண்டு வெளியே கொண்டுவருகிறது. வெறுமனே மேலே வெட்டிவிட்டால் தலையணைக்குள் வாசித்த கிற்றார்தான் கிடைக்கும். இரண்டும் சேரும்போது வெட்டும் புள்ளியில் 1 டெசிபலுக்குச் சற்று மேல் உயர்வு, அதற்கு மேல் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 24 டெசிபல் வீழ்ச்சி.

12 கிலோ ஓம் என்று ஏன் நின்றேன் என்றால், அண்ணையின் கடைப் பின்பக்கம் கிடந்த 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை அருகில் வைத்து ஒப்பிட்டதால். 10 கிலோ ஓமில் வெட்டு 5,000க்குப் போகிறது. சுத்தமான ஒலிக்கு அழகு, ஃபஸ்ஸுக்குக் கொஞ்சம் கூசும். 15இல் 3,300க்கு இறங்கி, சொற்களை மென்று விழுங்குகிறது. தடையிகளைச் சில்லுத் தாங்கி ஒன்றில் செருகி மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஈயம் பற்றவைத்துக் கழற்றினால் சுற்றுப்பலகையின் செப்பு உரிந்துவிடும்.

மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகும் வழியில் 0.1 மைக்ரோ ஃபரட், அதையடுத்து 20 கிலோ ஓம் ஒலியளவுக் குமிழ். இந்த இரண்டும் சேர்ந்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கிவிடுகின்றன. கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வருவது மேடைப் பலகையின் அதிர்வும் கை உராய்வும்தான். ஒரு குமிழ் இரண்டு வேலை செய்வதில் எனக்கொரு கஞ்சத்தனமான மகிழ்ச்சி.

நான்காவதின் வெளிவாயிலை மிக்சருக்கு நேரே கொடுக்கவில்லை. நடுவில் சிறு மின்மாற்றி ஒன்று இருக்கிறது. தொலைபேசிக் கம்பியில் இணையம் பார்த்த காலத்து மோடம் அட்டைகள் எந்தப் பழைய கணினிக்குள்ளும் கிடைக்கும். அவற்றில் பெருவிரல் நகமளவு மின்மாற்றி இருக்கும். 600 ஓமுக்கு 600 ஓம், ஒன்றுக்கு ஒன்று. ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, பக்கவாட்டில் நெம்பாமல் நேரே மேலே தூக்க வேண்டும். கால்கள் மெல்லியவை, ஒன்று ஒடிந்தால் சுருள் போய்விடும். மீற்றரில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தடை காட்டினால் நல்லது. இது பேச்சுக் குரலுக்குச் செய்த பொருள், இரும்பும் சின்னது. பெரிய சமிக்ஞை கொடுத்தால் தாழ்சுரத்தில் திணறும். அதனால் முன்னாலேயே 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் இரண்டையும் வைத்து 20 டெசிபலுக்கு மேல் இறக்கிவிட்டேன். மைக் உள்வாயிலுக்கு வேண்டிய அளவும் அதுதான். மறுபக்கத்துச் சுருள் மைக் பிளக்கின் 2ஆம், 3ஆம் கால்களுக்குப் போகிறது. 1ஆம் கால் ஒரு சுவிட்ச் வழியாகப் பெட்டிக்கு. மிக்சரில் மைக்குக்கென்று 48 வோல்ட் போட்டிருந்தாலும் அது 2, 3 இரண்டிலும் சமமாக ஏறுவதால் சுருளில் ஓட்டம் இல்லை.

குப்பையிலிருந்து எடுத்ததை மேடையில் வைப்பதா என்று எங்கள் ட்ரம்ஸ்காரர் முகம் சுளித்தார். குயின் குழுவின் ஜோன் டீக்கன் 1972இல் குப்பைத் தொட்டியில் கண்டெடுத்த சுற்றுப்பலகையைச் சிறு ஸ்பீக்கர்ப் பெட்டியில் பூட்டிய அம்பிளிபயர்தான் பிறகு அதே குழுவின் கிற்றார்காரர் பிரையன் மேயின் எத்தனையோ ஒலிப்பதிவுகளில் பாடியது என்றேன். பிரையன் மேயின் கிற்றாரின் கழுத்தே பழைய கணப்படுப்புச் சட்டத்து மரம். ட்ரம்ஸ்காரர் அடங்கவில்லை; ஆனால் ஒலியைக் கேட்டபின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெட்டிகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் அலுமினியச் சோற்றுப்பெட்டி. எவர்சில்வரில் துளை போடுவது பல்லைப் பிடுங்கும் வேலை. பிஸ்கட் தகரம் இந்த உப்புக் காற்றில் ஒரு சோளகக் காற்றுக்காலம் தாங்காது. அலுமினியம் மிதித்தால் நசுங்கும் என்பதால் மூடிக்குள் மரத்துண்டு வைத்து, கால் சுவிட்சின் மரையை அதனூடாக இறுக்கினேன். எல்லாவற்றையும் தாங்கும் பலகை பனஞ்சிலாகையில் செய்தது. வைரமேறிய பனையில் திருகாணி நேரே இறங்காது. முதலில் துளை, பிறகு சவர்க்காரம் தடவிய திருகாணி. சிராய் ஏறினால் கிற்றார் வாசிக்கும் விரலுக்கு ஆபத்து, கையுறை போட்டுக்கொள்ளலாம்.

மின்வழங்கியில் அண்ணையின் டைனமோ அனுபவம் உதவியது. "சைக்கிள் சுற்றுகிறவன் களைத்தாலும் ரேடியோ படிக்க வேண்டும். மேலே இடம் விட்டுச் செய்யும்" என்றார். திருவிழா இரவில் வீதி முழுக்க மின்விளக்கு எரியும்போது, நீண்ட வயரின் கடைசியில் 230 வோல்ட் 180 ஆக நிற்பதை நானே அளந்திருக்கிறேன். 12 வோல்ட் மின்மாற்றி அப்போது 9.4 தரும், சீராக்கியபின் உச்சம் 12 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. வெளியே 9 வோல்ட்டை நிலையாக வைக்கும் 7809 சில்லுக்கு 11 இருந்தால் போதும். 2,200 மைக்ரோ ஃபரட் கப்பாசிற்றரோடு, என் பெடல்கள் எல்லாம் சேர்ந்து 50 மில்லி அம்பியருக்குள் இழுப்பதால், அலைச்சல் கால் வோல்ட்டைத் தாண்டாது. 9 வோல்ட் மின்மாற்றி போட்டிருந்தால் திருவிழாவன்று உறுமல்தான் மிச்சம். இந்த வழங்கியை மட்டும் பலகையில் பூட்டாமல், ஃபியூஸ் போட்டு, உலோகப் பெட்டியைப் புவித்தொடுப்போடு இணைத்து, ஒரு மீற்றர் தள்ளித் தரையில் வைக்கிறேன். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு அருகில் மின்மாற்றி வந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமலைப் பிக்கப் காந்தப் புலத்திலிருந்தே எடுத்துவிடும். எந்த வடிகட்டியும் அதைத் தடுக்காது.

உறுமலைப் போக்குவதற்குப் பிளக்கின் புவிக்காலை வெட்டிவிடும் பழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. கிற்றாரின் தந்திகள் புவியோடு இணைந்தவை. உங்கள் கை எப்போதும் அவற்றில். உதடு மைக்கில் பட்டால் இரண்டுக்கும் நடுவே நீங்கள்தான் கம்பி. 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சியில் லெஸ் ஹார்வி என்ற கிற்றார்காரர் புவித்தொடுப்பில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். உறுமல் வருவது இரண்டு வழியாகப் புவி இணைந்து வளையமாவதால்; அதைப் பெட்டியின் மின்மாற்றியும் 1ஆம் கால் சுவிட்சும் அறுத்துவிடுகின்றன. மின்சாரப் பிளக்கைத் தொடவே வேண்டாம். இப்போதைய 13 அம்பியர்ப் பிளக்கைப் பழைய உருண்டைக் கால் துளையில் செருக விற்கும் மலிவான இடைச்செருகிகளில் புவிக்கால் வெறும் அலங்காரமாக இருப்பதும் உண்டு. ஒவ்வொன்றையும் மீற்றரில் தொடர்ச்சி பார்த்தே பையில் வைக்கிறேன்.

மேடையில் ஏறியதும் முதல் வேலை, மீற்றரை மாறுதிசை வோல்ட்டில் வைத்து ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வைப்பது. ஒன்றிரண்டு வோல்ட் என்றால் சரி. 100க்கு மேல் காட்டினால், அது வெறும் கசிவாகக்கூட இருக்கலாம், இருந்தாலும் மின்பிறப்பாக்கியின் புவிக்கோலைப் போய்ப் பார்க்காமல் வாசிப்பதில்லை. குடாநாட்டில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஓரடி இறங்கியதும் கோல் கல்லில் முட்டி நிற்கும். காய்ந்த மண்ணில் நட்ட கோல் பெயருக்குத்தான். கிணற்றடி, வாழைப்பாத்தி மாதிரி ஈரம் நிற்கும் இடம் தேடி நடச் சொல்கிறேன். அமைப்பாளர்கள் முதலில் முறைப்பார்கள். எண்ணைக் காட்டினால் வாளியோடு போவார்கள்.

வீட்டு அறையில் அழகாக வைத்த ஒலி மேடையில் ஏன் கெடுகிறது என்பதற்கு ஃபிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933இலேயே பதில் தந்துவிட்டார்கள்: மெல்லிய ஒலியில் நம் காது தாழ்சுரத்தையும் உச்சசுரத்தையும் குறைத்துக் கேட்கிறது. அறையில் அந்த இரண்டையும் கூட்டி வைத்துக்கொண்டு போகிறவர் மேடைச் சத்தத்தில் அடியில் குமுறலும் மேலே கீறலுமாக மாட்டுவார், நடுச்சுரம் காணாமற்போயிருக்கும். ஆகவே ஃபஸ்ஸை அறையில் பிடித்ததைவிடக் கால்பங்கு குறைத்து வைக்கிறேன். தாழ்சுரத்தை பேஸ் கிற்றாருக்கு விட்டுக்கொடுக்கிறேன். மிக்சரில் என் வரிசையின் குமிழ்கள் எல்லாம் நடுவில் நிற்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்காவிட்டால், கிற்றாருக்கென்று பழக்கதோஷத்தில் உச்சசுரத்தை ஏற்றுவார்கள். 4,000க்கு மேல் அங்கே ஏற்ற எதுவுமில்லை, இரைச்சல் மட்டும் ஏறும்.

ஒலியைத் தாமதித்து எதிரொலியாகத் தரும் டிலே பெடல் இடத்தைப் பொறுத்தது. கோட்டைக்கு அருகே முற்றவெளி மாதிரித் திறந்த வெளியில் ஒலியைத் திருப்பித் தரச் சுவர் கிடையாது. கிற்றார் எலும்பும் தோலுமாக நிற்கும். அங்கே முக்கால் நொடியில் பாதியளவு தாமதம், இரண்டே எதிரொலி, மெல்லியதாக. தூரத்தில் இன்னொரு சோடி ஸ்பீக்கர் கட்டியிருந்தால் எதிரொலியை ஒன்றாக்கிவிடுவேன். 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகும். 50 மீற்றர் தள்ளி நிற்கும் பெட்டி தானாகவே ஏழில் ஒரு நொடி தாமதத்தைச் சேர்த்துவிடுகிறது. மூடிய மண்டபத்தில் டிலேக்கு விடுமுறை. பிங்க் ஃபுளொய்ட் குழுவின் டேவிட் கில்மோர் வைத்திருந்த பின்சன் எக்கோரெக் எதிரொலிக் கருவியை நினைத்துக்கொண்டு எல்லாப் பாட்டிலும் எதிரொலியைக் கொட்டுகிறவர்களின் சொற்கள் ஒன்றும் விளங்குவதில்லை.

இந்தப் பெட்டியோடு வாசித்த முதல் மேடையில் அமைப்பாளர் என் வரிசையைத் தானாகவே ஏற்றினார். ஃபஸ் கேட்டபோது யாரும் காதைப் பொத்தவில்லை. வேறு பாராட்டு எதுவும் வரவில்லை, எதிர்பார்க்கவுமில்லை. ஒரு குறை இருந்தது. காதருகே ஸ்பீக்கர் இல்லாததால், தந்தியும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று தூண்டி நீளும் அந்தத் தொடர்சுரம் வருவதில்லை. மேடைக் கண்காணிப்பு ஸ்பீக்கரை இடுப்பளவுக்கு உயர்த்திக் கிற்றாரை அதன் பக்கம் திருப்பினால் ஓரளவு வருகிறது, ஐந்தாம் தந்தியில் பன்னிரண்டாம் கட்டத்துக்குக் கிட்ட. அதற்கு மேல் பேராசைப்படுவதற்கில்லை.

பராமரிப்பு என்பது உப்போடு நடக்கும் சண்டை. கடலோரக் குருநகர்ப் பக்கம் வாசித்துவிட்டு வந்தால் தந்திகளையும் ஜாக்குகளையும் அன்றிரவே துடைக்கிறேன். ஜாக்கின் உள்ளே பச்சை பூத்தால் அந்த இடம் டயோட் மாதிரி நடந்துகொள்ளும். அப்போது வானொலி மறுபடியும் வரும். பஞ்சில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல், பிறகு பிளக்கைப் பலமுறை செருகி எடுத்தல். குமிழ்கள் கரகரத்தால் இதற்கென விற்கும் தெளிப்பானில் ஒரு சொட்டு. சமையலறை எண்ணெய் வேண்டாம். தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும்.

பேஸ் வாசிப்பவர் தனக்கும் ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வடிகட்டி தேவையில்லை, மின்மாற்றி மட்டும் போதும். ஆனால் பேஸின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். மோடத்து நகமளவு இரும்பு அதைத் தாங்காது. பெரிய இரும்போடு ஒலிக்கென்றே சுற்றிய மின்மாற்றி வேண்டும். பழைய வால்வு ரேடியோக்களைக் கழற்றும்போது பார்த்து வைப்பதாக அண்ணை சொல்லியிருக்கிறார்.